பின்பாட்டு

நம் மொழியில் கூடிப் பாடுகிறவனுக்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஜால்ரா' என்கிறோம். தனக்கென ஒரு கருத்தில்லாதவன் 'பின்பாட்டுப் பாடுகிறான்', 'ஒத்து ஊதுகிறான்', 'தாளம் போடுகிறான்'. இந்நான்கு வசவுகளும் இசையரங்கிலிருந்து எடுக்கப்பட்டவை. நான்குமே முன்னே நிற்பவரை விட்டுவிட்டுப் பின்னே இருப்பவரைக் குறிவைப்பவை. புணே நகரில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஜால்ராவும் பின்பாட்டுமாகவே வாழ்ந்துவிட்ட எங்களுக்கு இதில் சிறிது மனக்குறை உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள இம்மலர் இடம் தந்ததற்கு நன்றி கூறித் தொடங்குகிறோம்.

எங்கள் கோஷ்டிக்குப் பெயர் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எவரும் கிடையாது. சொத்து என்று பார்த்தால் ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், எட்டு ஜோடி ஜால்ரா, இரண்டு சப்ளாக்கட்டை, ஒரு குத்துவிளக்கு, ஓரம் நைந்த ஒரு ஜமக்காளம். இவை வாரம் ஒரு வீடாக இடம்பெயரும். 1978-ஆம் ஆண்டு மார்கழியில் ஆறு பேராகத் தொடங்கினோம்; நல்ல நாளில் முப்பது பேர் வரை வந்ததுண்டு; மழைநாளில் நால்வரோடு மங்களம் பாடி முடித்ததும் உண்டு.

புணேக்குத் தமிழர் வந்த வழிகள் பல. 1869-இல் கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை தோன்றியது. ஊரின் பெயர் கட்கி. ஆங்கிலேயர் நாவில் அது கிர்க்கியாயிற்று. நம்மவர் வாயில் இன்றும் கிர்க்கிதான். அத்தொழிற்சாலைக்கும் தேகு ரோட்டின் படைக்கலக் கிடங்குக்கும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரு சாரார். படையின் தென்மண்டலத் தலைமையகம் இந்நகரில் இருப்பதால் கணக்கராகவும் எழுத்தராகவும் வந்து ராஸ்தா பேட்டையின் மாடிகளில் குடியேறிய தஞ்சை, திருநெல்வேலிக் குடும்பங்கள் மற்றொரு சாரார். பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-இல் அமைந்ததும், பின்னர் டெல்கோவும் பஜாஜும் வந்ததும், படித்த இளைஞர்களை மூன்றாம் சாராராகக் கொண்டுவந்து சேர்த்தன. மூன்று சாராரும் ஒரே நகரில் இருந்தனரேயன்றி ஒருவரையொருவர் அறிந்தனர் என்று சொல்வதற்கில்லை. ராஸ்தா பேட்டைக்காரர் கிர்க்கிக்காரரைக் காண வேண்டுமானால் சென்னை செல்லும் இரயிலில் ஒரே பெட்டியில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

முதல் இடையூறு நாள் பார்ப்பதிலேயே வந்தது. ஜோசியம் அன்று, மின்சாரம். புணேத் தொழிற்பேட்டைகளில் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பொருட்டு ஏற்பட்ட வழக்கம் அது. கிர்க்கித் தொழிற்சாலையிலும் அரசு அலுவலகங்களிலும் ஞாயிறு. ஆகவே போசரித் தோழர் ஓய்ந்திருக்கும் நாளில் கிர்க்கி அண்ணன் வேலைக்குச் செல்வார். கிர்க்கி அண்ணன் ஓய்ந்திருக்கும் நாளில் போசரித் தோழர் இரவுப் பணியில் இருப்பார். மூன்று மாதம் வாதாடி, ஒரு வாரம் வியாழன் மாலை, மறு வாரம் சனி மாலை என்று முடிவு செய்தோம். வியாழனன்று நகரில் மின்வெட்டும் இருக்குமாதலால் பல வியாழக்கிழமைகள் விளக்கு வெளிச்சத்திலேயே நடந்தன. இருட்டில் பாட்டுப் புத்தகம் தெரியாது. அதனால்தான் எங்களில் பலருக்குப் பாட்டு மனப்பாடமாயிற்று என்று பெருமைப்படுவதா, மின்வாரியத்துக்கு நன்றி சொல்வதா என்பது இன்றும் தீராத வழக்கு.

பஜனை என்றதும் இன்றைய இளைஞர் பலர் அதை ஒழுங்கற்ற கூச்சல் என்று எண்ணுவதைக் கண்டிருக்கிறோம். உண்மையில் அதைப்போலத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட கூட்டுப்பாட்டு முறை நம்மிடம் வேறில்லை. கோவிந்தபுரத்துப் போதேந்திராள், திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் ஆகியோர் வழியில் நாமசங்கீர்த்தனம் காவிரிக் கரையில் வேரூன்றியது. பின்வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் அதற்கு ஒரு வரிசைமுறையை வகுத்தார். தோடய மங்களத்தில் தொடங்கி, குருத்தியானம், ஜயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் என்று சென்று, விளக்கைச் சுற்றிப் பாடும் திவ்யநாமத்தில் அது உச்சம் அடையும். வடமொழி, தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்தி எல்லாம் இதில் உண்டு. தமிழுக்கு இடம் கொஞ்சம் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தமிழ்ச் சங்கத்து மலரில் அதைச் சொல்லாமல் விட்டால் பிழையாகும்.

ஆனால் எங்களைக் கவர்ந்தது வரிசைமுறையைவிட அதன் உள்ளமைப்பே. பாகவதர் ஓர் அடியைத் தருவார். கூட்டம் அதைத் திருப்பித் தரும். முதல் முறை சவுக்கமாக, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி. இரண்டாம் முறை அதே அடி சற்று விரைவாக. மூன்றாம் முறை இரட்டிப்பு விரைவில் வரும்போது, முதல் முறை வாயசைத்துக்கொண்டிருந்த புதியவரும் பாடிக்கொண்டிருப்பார். சொல் தெரியாதவனுக்குச் சொல் கிடைக்கிறது. சுருதி சேராதவன் பக்கத்துக் குரலில் சாய்ந்துகொள்கிறான். தெரிந்தவன் தெரியாதவனுக்காகக் காத்திருப்பது மரியாதையின் பொருட்டு அன்று. அவனும் சேர்ந்து முடித்தாலன்றி அடுத்த அடி தொடங்காது என்பது இம்முறையின் விதி. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் எங்களில் சிலர் கணக்கிலும் தேறியிருப்போம்.

மூச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அருணகிரிநாதரின் திருப்புகழைத் தனியே பாடிப் பார்த்தவர்க்கு அதன் சந்தம் மூச்சு வாங்க இடங்கொடாது என்பது தெரியும். கூட்டமாகப் பாடும்போது அத்துன்பம் இல்லை. ஒருவர் மூச்சு வாங்கும் நொடியில் அவருடைய அடியை அடுத்திருப்பவர் தாங்குகிறார். அவர் வாங்கும்போது இவர் தாங்குகிறார். கேட்பவர்க்கு அறுபடாத ஒரே பாட்டாகத் தோன்றும். தில்லியில் ஏ. எஸ். இராகவன் அவர்கள் 'திருப்புகழ் அன்பர்கள்' என்ற அமைப்பைத் தோற்றுவித்து, நூற்றுக்கணக்கான திருப்புகழ்ப் பாக்களுக்கு இராகதாளம் அமைத்து, வேற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டிப் பாடவைத்ததில் இந்த நுட்பம் அடங்கியிருந்தது என்பது எங்கள் கருத்து. தனியொருவர் பாட அஞ்சும் பாவை நூறு இல்லத்தரசிகள் தயங்காமல் பாடினர். கூடிப் பாடுவோரின் இதயத்துடிப்புக்கூட ஒருசேர விரைந்தும் தணிந்தும் செல்வதை 2013-இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் அளந்து காட்டினர். மூச்சு ஒன்றானால் துடிப்பும் ஒன்றாகும் என்பது அவர்கள் கண்ட காரணம்.

நிற்க. புணேயில் பஜனை செய்வதில் வேறெங்கும் இல்லாத ஒரு சுவை உண்டு. நாங்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்ததாக எண்ணியிருந்த பொருளில் ஒரு பகுதி இந்த ஊரிலிருந்தே சென்றது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தொடங்கி 1855 வரை நீடித்தது. அவர்களோடு அபங்கமும் வந்தது. பஜனைப் பத்ததியில் இடம்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் மோர்காங்கர் பாவா என்ற மராட்டியக் கீர்த்தனக்காரர் தஞ்சையில் கதை சொல்லக் கேட்டு, அம்முறையைத் தழுவித் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் கதாகாலட்சேபத்தைப் புதிதாக வடித்தார். சாகி, திண்டி, ஓவி என்று நம் பாகவதர்கள் வழங்கும் மெட்டுப் பெயர்கள் அவ்வழியில் வந்தவை. பாவாவின் பெயரிலுள்ள மோர்காங், கணபதித் தலமாகிய அவ்வூர், இதே புணே மாவட்டத்தில் இருக்கிறது. சப்ளாக்கட்டையும் அப்படியே, மராட்டியர் அதைச் சிப்ளியா என்பர். புதன் பேட்டைக் கடையொன்றில் நாங்கள் "சப்ளாக்கட்டை" என்று சொல்ல, கடைக்காரர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது.

திரைப்படத்திலும் இதே கதை நடந்தது. புணேயில் இருந்த பிரபாத் நிறுவனம் 1936-இல் 'சந்த் துகாராம்' எடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 1938-இல், தமிழில் துகாராமாக முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்தார். அவர் நடித்த படம் அது ஒன்றே. பிரபாத்தின் படப்பிடிப்பு வளாகத்தில் இன்று திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதன் சுவரோரமாக நடந்து செல்லும்போதெல்லாம் எங்கள் மூத்த பாகவதர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி நடப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சட்டை செய்ததில்லை.

ஆண்டுதோறும் ஆனி மாதத்தில், மழை பிடிக்கும் நேரத்தில், தேகுவிலிருந்து துகாராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மூன்று வார நடை. வழியில் இரண்டும் புணேயில் தங்கும். துகாராம் பல்லக்கு நானா பேட்டையின் நிவடுங்க்யா விட்டோபா கோயிலில். ஞானேசுவரர் பல்லக்கு பவானி பேட்டையின் பால்கி விட்டோபா கோயிலில். ராஸ்தா பேட்டைக்கு இரண்டும் கூப்பிடு தூரம். பல்லக்கோடு வரும் வாரகரிகள் திண்டி திண்டியாகப் பிரிந்து நடப்பர். திண்டி ஒவ்வொன்றிலும் வீணை ஏந்தியவர் ஒருவர், மிருதங்கக்காரர் ஒருவர். மற்ற அனைவரும் தாளக்காரர், அதாவது எங்கள் சாதி. துளசி மாடத்தைத் தலையில் சுமந்த பெண்கள் பின்வரிசையில் ஓயாமல் பாடிச் செல்வர். மேடை இல்லை, கேட்பவரென்று தனியே எவரும் இல்லை. அந்த இரண்டு நாளும் நாங்கள் தயிர்சாதமும் சுண்டலும் ஊறுகாயும் கட்டிக் கொடுப்போம். கொடுத்துவிட்டுக் கூடவே ஒரு மைல் நடப்போம். சோலாப்பூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தி ஒருமுறை எங்கள் தயிர்சாதத்தில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மருந்தா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டோம்.

துகாராமுக்குப் பதினான்கு தாளக்காரர் இருந்தனர் என்பது வாரகரி மரபு. அவருள் ஒருவர் செக்காட்டும் குலத்துச் சந்தாஜி ஜகநாடே. துகாராமின் சுவடிகள் இந்திராயணி ஆற்றில் ஆழ்த்தப்பட்ட கதையையும், அவை நீரினின்று மீண்ட அற்புதத்தையும் எல்லோரும் அறிவர். அபங்கங்கள் நமக்குக் கிடைத்ததற்கு மரபு சொல்லும் மற்றொரு காரணத்தை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. சந்தாஜி, பின்னே நின்று பாடிய பாட்டுக்களைத் தம் கையால் எழுதி வைத்திருந்தார். அவருடைய சமாதி புணே மாவட்டத்துச் சுதும்பரே கிராமத்தில் உள்ளது. நாங்கள் இருமுறை சென்று வந்தோம். பின்பாட்டுக்காரனுக்குக் கட்டிய கோயில் வேறெங்கேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறோம். அது அவ்வளவு அழகானதன்று.

1980-களின் நடுவில் எங்கள் கோஷ்டி இரண்டாகப் பிளந்தது. கிர்க்கியில் கடைசல் வேலை செய்த நண்பர் ஒருவர், கணீரென்ற குரலினர், காவடிச்சிந்து பாடுவதில் அவருக்கு நிகரில்லை. ஏழாண்டுகள் பின்பாட்டே பாடிவந்தவர், ஒரு சனிக்கிழமை திவ்யநாமம் முடிந்ததும், "ஐயா, அடுத்த வாரம் நான் ஒண்ணு எடுத்துக் குடுக்கட்டுமா?" என்று பாகவதரைக் கேட்டார். பாகவதர், "பத்ததியிலே அது இல்லையேப்பா" என்றார். பத்ததியில் இல்லை என்பது உண்மை. ஆனால் அறையிலிருந்த எல்லோருக்கும் வேறொன்றும் விளங்கியது. அவர் என்ன சாதி என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே அதைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. ஏழாண்டுகளும் அவர் வாசற்படியை ஒட்டியே உட்கார்ந்து வந்தார் என்பதை அன்றுதான் நாங்கள் கவனித்தோம். கவனித்தோம் என்று எழுதுவதும் முழு உண்மையன்று. முன்பே கண்டிருந்தோம், கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரோடு கிர்க்கியிலிருந்து வருகிற எண்மரும் வரவில்லை. பிம்பிரி இளைஞர் மூவர் அவர் பக்கம் சென்றனர். ஓராண்டுக்கும் மேலாகப் புணேயில் இரண்டு கோஷ்டிகள், ஒரே சனிக்கிழமையில், மூன்று மைல் இடைவெளியில் பாடின. எங்கள் பக்கம் பத்ததி பிழையின்றி நடந்தது. ஆனால் கூடத்தில் அடி திரும்பி வரும்போது கனம் இல்லை. மாடிப்படியில் ஆளில்லாமல் கூப்பிட்டதுபோல் எங்கள் குரலே எங்களுக்குத் திரும்பிற்று. அந்தப் பக்கம் காவடிச்சிந்து வானைப் பிளந்ததாகவும், ஆனால் ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையே அரைமணி நேரப் பேச்சு நடந்ததாகவும் கேள்வி.

சமாதானம் செய்தது எந்த உயர்ந்த கொள்கையுமன்று. மிருதங்கம் ஒன்றே இருந்தது; வாசிப்பவரும் ஒருவரே. முதல் பாதியை இங்கும் மறு பாதியை அங்குமாக வாசித்துக்கொண்டு, மிருதங்கத்தை மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு வாரந்தோறும் மூன்று மைல் ஓட்டிய அம்மனிதர், ஆடி மழையில் ஒருமுறை தோல் நனைந்து மிருதங்கம் ஊமையானதும் பொறுமை இழந்தார். "உங்களில் எவருக்காவது வாசிக்கத் தெரிந்தால் இந்தாருங்கள்" என்று இரு பக்கமும் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார். தாளமில்லாமல் இரண்டு வாரம் பாடிப் பார்த்தோம். மூன்றாம் வாரம் பாகவதரே கிர்க்கிக்குப் பேருந்து ஏறினார். அவர் அங்கே என்ன சொன்னார் என்பதை இருவருமே எங்களுக்குச் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை கடைசல்கார நண்பர் வந்து விளக்கின் அருகில் அமர்ந்தார். திவ்யநாமத்துக்குப் பின் காவடிச்சிந்து தொடங்கியது. பாகவதர் பின்பாட்டுப் பாடினார். அவருக்கு அடிகள் தெரியவில்லை. இரண்டாம் காலத்தில் பிடித்துக்கொண்டார்.

இதில் நாங்கள் புதிதாக எதையும் சாதித்துவிடவில்லை. திருவையாற்றில் தியாகராச ஆராதனை பல ஆண்டுகள் கட்சிகளாகப் பிரிந்து நடந்தது. தம் செல்வத்தைக் கொண்டு சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அங்குப் பாட முடியாத நிலை இருந்தது. அவர் பெண்களைக்கொண்டு தனியாக ஒரு விழா நடத்த வேண்டியிருந்தது. 1940-களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றுபட்டபோது, அனைவரும் சேர்ந்து பாடுவதற்கென்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வழக்கத்துக்கு வந்தன. யார் முதலில் பாடுவது, யாருக்கு எத்தனை நிமிடம் என்ற பூசலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பாடிவிடுவதைவிட நல்ல தீர்ப்பு எது? இன்று தைமாதத்தில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து பாடும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்க்கு அதன் பின்னேயுள்ள வழக்குகள் தெரிவதில்லை. தெரியாமலிருப்பதே நல்லது என்பாரும் உளர். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

பக்தியோடு தொடர்பில்லாமலும் இக்கலை தமிழகத்தில் வளர்ந்தது. திரையிசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டி, பாரதியின் பாட்டுக்களைப் பல குரல் அடுக்குகளாக அமைத்துப் பாடவைத்தார். 1988-இல் இலட்சத்தீவில் அவர் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கூட்டுப்பாட்டுப் பயிற்சி அளித்தார். எங்கள் பிம்பிரி இளைஞர் இருவர் அம்முறையில் ஒரு பாரதி பாட்டை எங்களுக்குக் கற்பிக்க முயன்றனர். ஒரு சாரார் ஓர் இசையிலும் மறு சாரார் வேறோர் இசையிலும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். நாங்களோ நாற்பது எண்ணுவதற்குள் எல்லோரும் ஒரே இசையில் வந்து விழுந்துவிடுவோம். அடுத்தவர் குரலோடு சேர்ந்தே பழகியவர்களுக்கு அடுத்தவர் குரலிலிருந்து விலகி நிற்பது கைவரவில்லை. முயற்சியைக் கைவிட்டோம். எசுத்தோனியா என்ற சிறு நாட்டில் 1869 முதல் மாபெரும் பாட்டுவிழா நடந்து வருவதையும், 1980-களின் இறுதியில் அம்மக்கள் பாடிக்கொண்டே சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலையை நாடியதையும் அவ்விளைஞர்களே எங்களுக்குச் சொன்னார்கள். கிர்க்கித் தொழிற்சாலையும் அதே 1869 என்று கடைசல்கார நண்பர் குறித்துக் கொடுத்தார்.

2020 மார்ச்சு மாதத்தோடு எல்லாம் நின்றது.

நோய் பரவிய தொடக்க நாட்களில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மார்ச்சு 10-ஆம் நாள் ஒரு பாடற்குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர் 61 பேர். அவருள் 53 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். அதைச் செய்தித்தாளில் படித்த அன்று எங்களில் எவரும் எவரோடும் தொலைபேசியில் பேசவில்லை. அவர்கள் எங்களைப்போன்றவர்கள், எங்களைப்போலவே நெருங்கி உட்கார்ந்தவர்கள், எங்களைப்போலவே பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்கள். ஒருவர் மூச்சை மற்றவர் தாங்குவது என்று இத்தனை காலம் பெருமையாகச் சொல்லி வந்தோமே, அது அணியாகச் சொன்னதன்று, உள்ளபடியே அப்படித்தான் என்பதை அச்செய்தி எங்களுக்கு விளக்கியது.

அவ்வாண்டு பல்லக்கும் நடக்கவில்லை. துகாராமின் பாதுகையும் ஞானேசுவரரின் பாதுகையும் அரசுப் பேருந்துகளில் பண்டரிபுரம் சென்றன. 2021-லும் அவ்வாறே. நானா பேட்டைத் தெரு இரு ஆனி மாதங்களிலும் வெறிச்சிட்டுக் கிடந்தது.

நாங்கள் கைப்பேசி வழியே பாடிப் பார்த்தோம். இருபது சிறு கட்டங்களில் இருபது முகங்கள். பாகவதர் அடி எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்த அடியோ ஓரொருவரிடமிருந்து ஒவ்வொரு நேரத்தில், மலையடிவாரத்தில் கேட்கும் எதிரொலிபோல், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிதறிற்று. நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதித்தால் தாளம் தள்ளாடத் தொடங்கும் என்பர் ஒலித்துறை அறிந்தோர். எங்கள் இணைப்பில் அரை நொடிக்குக் குறையவில்லை. கடைசியில் மற்ற எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டு, பாகவதர் குரலை மட்டும் கேட்டபடி அவரவர் வீட்டில் அவரவர் பாடினோம். பாகவதருக்கு எவர் குரலும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் அவர், "நான் சுவத்தைப் பாத்துப் பாடிண்டிருக்கேன். நீங்கள்ளாம் இருக்கேளா?" என்று கேட்டார். எல்லோரும் கையசைத்தோம். அவருக்குப் பார்வை மங்கலாதலால் அதுவும் தெரிந்திராது.

2021 சித்திரையில் மிருதங்கக்காரரை இழந்தோம். ஆர்மோனியம் வாசித்து வந்த அம்மையாரையும் அதே மாதத்தில் இழந்தோம். இருவருக்கும் நாங்கள் கூடி நாமம் சொல்லவில்லை, சொல்லக் கூடவில்லை. பாகவதர் நோயுற்று இருபத்தாறு நாள் மருத்துவமனையில் இருந்து மீண்டார். மீண்டவருக்குக் குரல் இருந்தது, மூச்சு இல்லை.

2022 ஆனியில் பல்லக்குகள் மீண்டும் நடந்தன. தயிர்சாதம் கட்டிக் கொடுத்தோம். ஒரு மைல் நடக்கவில்லை, தெருமுனை வரை சென்றோம். அதே ஆண்டு மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பாவை சொல்வதற்காக மறுபடி கூடினோம். புணேயில் மார்கழிக் குளிர் நம்மூர்ப் பனி போன்றதன்று. பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். முன்னெல்லாம் தெருவைச் சுற்றி வருவோம். நாங்கள் கூடும் அடுக்ககத்தில் குடியிருப்போர் சிலர் விடியலில் பாட்டுச் சத்தம் ஆகாதென்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்ததால், தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்திலேயே ஜமக்காளம் விரித்தோம். எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரான மூன்றாம் மாடி மராட்டிய ஆசிரியை நான்காம் நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். சண்டைக்கு என்று நினைத்தோம். "அச்சிட்ட தாள் இருக்கிறதா?" என்று கேட்டார்.

தாளில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் எழுத்து எங்கள் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாது. ஆகவே முப்பது பாசுரங்களையும் தேவநாகரியில் அச்சிட்டிருந்தோம். இதற்கும் எங்களுக்குள் எதிர்ப்பு எழாமலில்லை. தமிழை வேற்றெழுத்தில் எழுதிப் படிப்பது தமிழுக்குச் செய்யும் தீங்கு என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ழகரம் எல்லாம் ளகரமாகத்தான் ஒலித்தது. ஆண்டாளின் 'ஆழி' அன்று 'ஆளி'யாயிற்று. ஆனால் முதல் முறை தாளைப் பார்த்து ளகரம் சொன்ன பிள்ளைகள், இரண்டாம் முறை எங்கள் வாயைப் பார்த்து ழகரத்துக்கு நாக்கை வளைத்தனர். ஆசிரியைக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை. அவரும் விடவில்லை.

அவ்வாண்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவள் கடைசல்கார நண்பரின் மகள். நண்பர் பணி ஓய்வு பெற்று ஊருக்குச் சென்றுவிட்டார். மகள் இங்கே கணிப்பொறி நிறுவனமொன்றில் இருக்கிறாள். பத்ததியும் அவளுக்குத் தெரியும், காவடிச்சிந்தும் தெரியும். பாகவதருக்கு ஒரு நாற்காலி போட்டு, கழுத்துக்குத் துண்டு சுற்றி, பின்வரிசையில் உட்காரவைக்கிறோம். கையில் ஒரு ஜோடி ஜால்ரா. அவள் அடி கொடுப்பாள். அவர் அடியின் முற்பாதியைச் சொல்வார், மூச்சு நிற்கும், பிற்பாதியை நாங்கள் கொண்டுசெல்வோம், அடுத்த அடியின் தொடக்கத்தில் அவர் மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். வெளியிலிருந்து கேட்டால் இடைவெளி தெரிவதில்லை. சென்ற மார்கழியில் ஒருநாள் அவர் சேர்வதற்குச் சற்று நேரமாயிற்று. அவள் அடுத்த அடியை எடுக்காமல், அதே அடியை இன்னொருமுறை சவுக்கத்தில் பாடினாள்.